ஜேபஸ் ஓட்லிங் அடித்த சொற்கள்

ஒரு தாளை எழுதி முடித்ததும் ஜேபஸ் ஓட்லிங் அதை உடனே காயப் போட்டுவிட மாட்டார். இறகுப் பேனாவைக் காதில் செருகிக்கொள்வார். நாற்காலியைச் சாண் அளவு பின்னுக்குத் தள்ளி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதியதைப் பார்ப்பார். எங்கோ நடுவில், ஒரு வரியில், கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விட்டிருப்பார். அந்த இடத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்புவார். அங்கே அவர் மனைவி கெசியா எதையாவது கிண்டிக்கொண்டிருப்பார். "உப்பு பத்தாது" என்பார். அல்லது "பூனை திருடிக்கிட்டுப் போயிடுச்சு" என்பார். ஓட்லிங் தலையாட்டிவிட்டு மறுபடி தாளின் மேல் குனிவார். விட்ட இடத்தில் தவறான ஒரு சொல்லை எழுதுவார். அதன் மேல் மெல்லிசாக ஒரு கோடு இழுத்து அடிப்பார். அடித்த சொல்லின் தலைக்கு மேல் சரியான சொல்லைப் பொடி எழுத்தில் எழுதுவார். கடைசியாகப் பேனா முனையை இடது கை நடுவிரலால் ஒரு சுண்டு. வலது மூலையில் மைப்பொட்டு விழும். மிளகு அளவு இருந்தால் தாள் முடிந்தது. பட்டாணி அளவு ஆகிவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவார்.

அவர் எழுதியதெல்லாம் பிரசங்கங்கள். கொழுப்பு கலந்த மையால் வழவழப்பான தாளில் எழுதி, லண்டனில் பெட்டிஃபர் கம்பெனிக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் அதைக் கல்லில் ஒற்றி, அந்தக் கல்லிலிருந்து இருநூறு முந்நூறு பிரதி எடுப்பார்கள். பார்த்தால் அச்சு மாதிரியே இருக்காது. யாரோ ஒரு போதகர் சனிக்கிழமை மாலை விரல் வலிக்க எழுதியது போலிருக்கும். இங்கிலாந்து முழுக்கப் போதகர்கள் அதை வரவழைத்து ஞாயிற்றுக்கிழமை சொந்தச் சரக்காக வாசித்தார்கள். அச்சடித்த புத்தகத்தையே வைத்து வாசித்தால் என்ன என்று கேட்கலாம். வாசிக்கலாம்தான். ஆனால் எல்லா ஆலயத்திலும் மாடி வரிசை உண்டு. எல்லா மாடி வரிசையிலும் ஒரு மிஸஸ் டிப்பெட் உண்டு.

எங்கள் ஸ்லீஃபோர்டு ஊர் மிஸஸ் டிப்பெட் தானிய வியாபாரி ஒருவரின் விதவை. பிரசங்கப் பீடத்துக்கு நேர் மேலே, மாடியின் முதல் வரிசையில் அவருக்கு நிரந்தர இடம். பிரசங்கம் ஆரம்பித்ததும் கைப்பிடிச் சுவரில் மார்பைச் சாய்த்துக் கீழே எட்டிப் பார்ப்பார். போதகரின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. வழுக்கையையும் தாளையும் மட்டும்தான் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை சந்தையில் வெண்ணெய்க் கூடைகளுக்கு நடுவே நின்று தீர்ப்புச் சொல்வார்: "மை கொட்டியிருந்துச்சு, ரெண்டு இடத்துல அடிச்சிருந்துச்சு. மனுஷன் கஷ்டப்பட்டுத்தான் எழுதியிருக்கார்."

ஸ்லீஃபோர்டுக்கு ரயில் வந்த வருஷம் நானும் அங்கே உதவிப் போதகராக வந்து சேர்ந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. கிட்டப்பார்வை. கடைக்குப் போய் மெழுகுவத்தி கேட்பதற்கே வழியில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிற சுபாவம். புதிய கவிதைப் புத்தகங்களை அங்கிப் பையில் வைத்துக்கொண்டு அலைவேன். அந்தக் கவிஞர்களும் யாரிடமும் நேராகப் பேச முடியாதவர்கள் போலத்தான் எனக்குப் பட்டார்கள். ஆலயத்தின் தலைமைப் போதகரான ரெக்டருக்குக் கால்வாதம். வெந்நீர் ஊற்றுள்ள ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறும்போது கயிறு கட்டிய ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"இது உன் கையெழுத்துன்னு நினைச்சுக்கோ."

"இது யாரோட கையெழுத்து, ஐயா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் என் கையெழுத்துன்னு நினைச்சு இருபது வருஷம் ஓட்டியிருக்கேன்."

முதல் ஞாயிறு பீடத்தில் ஏறினேன். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. மேலிருந்து மிஸஸ் டிப்பெட்டின் மூச்சுக்காற்று உச்சந்தலையில் பட்டது. தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணில் பட்ட எல்லாவற்றையும் விடாமல் வாசித்தேன். மூன்றாவது தாளில் இப்படி வாசித்தேன்: "ஆண்டவர் நம் பாவங்களை மட்டுமல்ல, நம்மையும் மறந்துவிட்டார் மன்னித்துவிட்டார்."

விவசாயிகள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் உயரமான ஒரு மனிதர், தேள் கொட்டியவர் போல எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தார். அவர் பக்கத்திலிருந்த குண்டு அம்மாள் வாயில் கையுறையைத் திணித்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. பெஞ்சும் குலுங்கியது.

ஆராதனை முடிந்து நான் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்த உயரமான மனிதர் பின்னறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ஐயா, அடிச்ச சொல்லையும் சேத்து வாசிச்சிட்டீங்க."

"எந்தச் சொல்?"

"'மறந்துவிட்டார்'. அது அடிச்ச சொல்லு. மேல எழுதினதுதான் வாசிக்க வேண்டியது."

"அடிச்சிருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க கீழேயில்ல உக்காந்திருந்தீங்க?"

அவர் தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். "அடிச்சவனே நான்தானுங்களே."

இப்படித்தான் ஜேபஸ் ஓட்லிங் எனக்குப் பழக்கமானார். ஊரார் அவரை வக்கீல்களுக்குப் பத்திரம் எழுதுகிறவர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மை தெரிந்தது கெசியாவுக்கும், அன்றிலிருந்து எனக்கும்தான். அவருக்கு அப்போது அறுபது வயது இருக்கும். கல்லூரி வாசலைக் கூட மிதித்தவரில்லை. இளமையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். ஆனால் ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு, கொஞ்சம் ஒயின் குடித்துவிட்டு, அவசரமாக எழுதுகிற ஒரு கனவானின் கையெழுத்து அவருக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது. பெட்டிஃபர் கம்பெனி அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவரைப் பிடித்தது. அதற்கேற்ற வாசகத்தை அவரே எழுதிக்கொள்வார் என்பது அவர்களுக்குப் பின்னால்தான் தெரிந்ததாம்.

நான் அடிக்கடி அவர்கள் சமையலறைக்குப் போக ஆரம்பித்தேன். அன்று பெஞ்சு குலுங்கச் சிரித்த கெசியா என்னைத் தம்பி என்று கூப்பிடுவார். பழரொட்டியில் ஒரு துண்டு வெட்டி, அதன் மேல் பாலாடைக்கட்டி வைத்துக் கொடுத்து, "சாப்பிடு தம்பி, காத்தடிச்சா பீடத்திலேர்ந்து பறந்துடுவே" என்பார்.

சொல்லை அடிப்பதைப் பற்றி ஓட்லிங்குக்கு ஒரு கொள்கை இருந்தது. "சும்மா எதையாவது எழுதி அடிச்சாக் கண்டுபிடிச்சிருவாங்க ஐயா. ஒரு நேர்மையான மனுஷனுக்கு முதல்ல வர்ற சொல்லா இருக்கணும். வந்தப்புறம் அவனே பயந்து போய் அடிச்சிருக்கணும். அந்தச் சொல்லு தெரியவும் தெரியணும். அதனாலதான் கோடு மெல்லிசு." எனக்கு ஒரு தாளைக் காட்டினார். அதில், 'என் கிருபை உனக்குப் போதும்' என்ற வசனத்தை விளக்கும் இடத்தில், 'போதும்' என்பதற்குக் கீழே 'பத்தாது' என்று எழுதி அடித்திருந்தது. எனக்குச் சிலிர்த்தது. புதிய கவிஞர்கள் யாரும் அவ்வளவு தைரியமாக எழுதி நான் பார்த்ததில்லை.

பழைய பிரசங்கங்கள் ஒரு பெட்டி நிறைய அவரிடம் இருந்தன. கம்பெனி அனுப்பியவை. புதிதாக எழுத நேரமில்லாதபோது பழையதைத் தையல்காரர் போலப் பிரித்து, இன்றைய அளவுக்குத் தைத்துவிடுவார். மீன் விழுங்கிய யோனாவைப் பற்றிய ஒரே பிரசங்கத்தை அவர் நான்கு விதமாகத் தைத்திருந்தார்.

"இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி எப்படிச் சொன்னாங்கன்னு பாருங்க. மீனுக்கு எபிரேயத்துல என்ன பேரு, கிரேக்கத்துல என்ன பேரு, லத்தீன்ல என்ன பேரு. ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு அர்த்தம். யோனா வாய்க்குள்ள போய்ச் சேரவே முக்கால் மணி நேரம். அப்புறம் கறுப்புக் கோட்டுக்காரங்க வந்தாங்க. அலங்காரம் கிடையாது, லத்தீன் கிடையாது. ஆனா தலைப்பு மட்டும் பதினேழு. பக்கத்துல மணற்கடிகாரம். மணல் தீந்தா ஜனங்க, 'திருப்பி வைங்கய்யா, இன்னும் கேக்கறோம்'னாங்களாம்."

"பொய்" என்றார் கெசியா, அடுப்பருகிலிருந்து. "கதவைப் பூட்டியிருப்பாங்க."

"அப்புறம் கனவான்கள் காலம். பதினஞ்சு நிமிஷம். நரகத்தைப் பத்திப் பேசினா பட்டுப் பாவாடைக்காரங்களுக்கு மயக்கம் வரும். அதுல மீனே இல்ல. 'ஒரு பெரிய மீன் என்று சொல்லப்படுகிறது' அவ்வளவுதான். யோனா பயணம் போறதுக்கு முன்னாடி பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணுமாம், அதான் பிரசங்கம். அப்புறம் மெத்தடிஸ்ட்காரங்க வயல்வெளிக்கு வந்தாங்க. அதுல போதகரே மீன் வயித்துக்குள்ள போய் உக்காந்துக்கிட்டுக் கத்துவாரு. கேக்கறவங்களும் உள்ள போயிடுவாங்க."

பெட்டிஃபர் கம்பெனியின் விலைப்பட்டியலில் இவையெல்லாம் நம்பர் போட்டு மூன்று வகையாகப் பிரித்திருந்தன: இளஞ்சூடு, சூடு, கொதி. எங்கள் ரெக்டர் வாழ்நாள் முழுக்க இளஞ்சூடு மட்டுமே வாங்கியிருக்கிறார். கால்வாதம் வந்த பிறகு ஒரே ஒரு கொதி வாங்கி, வாசிக்காமலேயே வைத்துவிட்டார்.

நான் வந்த இரண்டாம் வருஷம் தாளே இல்லாமல் பேசுவது நாடெங்கும் நாகரிகமாயிற்று. தாளைப் பார்த்து வாசிக்கிறவருக்கு விசுவாசம் குறைவு என்று ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். ஓட்லிங் ஒரு வாரம் சாப்பிடவில்லை. பிறகு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: திடீரென்று மனதில் தோன்றியதைப் பேசுகிற பிரசங்கம் பன்னிரண்டு வேண்டும், உடனே. ஓட்லிங் எழுதினார். மனப்பாடம் செய்ய வேண்டியது. ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்புகள்: 'இங்கே தடுமாறு.' 'சொல் கிடைக்காமல் ஜன்னலைப் பார். மூன்று எண்ணு.' 'நீ எதிர்பார்க்காத கண்ணீர்.'

அந்த மாதம் சந்தைக்கு வந்த விவசாயிகள் ஒரு பிரச்சினையில் மாட்டிக்கொண்டார்கள். சுற்றியிருந்த மூன்று ஊர்களில் ஒரே ஞாயிற்றுக்கிழமை, 'இரக்கம்' என்ற சொல்லுக்கு முன்னால், மூன்று போதகர்களும் ஜன்னலைப் பார்த்திருந்தார்கள். ஒரு ஊரில் அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. அவர் சுவரைப் பார்த்து மூன்று எண்ணியிருக்கிறார்.

"பரிசுத்த ஆவி ஒரே நேரத்துல மூணு பேரையும் தொட்டிருக்கு" என்றார் மிஸஸ் டிப்பெட். அதோடு விஷயம் முடிந்தது.

கெசியா தன் விருப்பம் ஒன்றைச் சொன்னது அந்த வருஷம்தான். நவம்பர் மாதம், பன்றி அடித்திருந்தார்கள். சமையலறை முழுக்கக் கொழுப்பு வாசம். கெசியா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வெங்காயம் நறுக்கும்போது அவருக்குக் கண்ணீர் வராது. பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் வரும்.

"தம்பி, நான் கல்யாணமாகி வந்து முப்பத்தோரு வருஷம் ஆகுது. முப்பத்தோரு வருஷமா வாரம் பூரா இங்க கேக்கறதையே ஞாயித்துக்கிழமை கோயில்லயும் கேக்கறேன். அக்கா வீட்டுக்கு நியூவார்க் போனேன், அங்கயும் அதான். ஒரு தடவை கடல் பாக்க ஸ்கெக்னெஸ் போனோம். அங்க ஒரு கிழவர் அழுதுக்கிட்டே பேசினாரு. எங்க அழுவாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும். நான் செத்தா, அந்த ஒரு ஞாயித்துக்கிழமையாவது, இந்த வீட்ல சொல்லாத ஒண்ணை யாராவது சொல்லணும்."

"செத்தப்புறம் நீ எப்படிடி கேப்ப?" என்றார் ஓட்லிங்.

"நான் கேக்கலன்னா என்ன, நீ கேப்பல்ல? கேட்டுட்டு உதட்டை அசைக்காம உக்காந்திருக்கணும். அதான் எனக்கு வேணும்."

ஓட்லிங்குக்கு அப்படி ஒரு பழக்கம். பீடத்தில் யார் பேசினாலும் கீழே அவர் உதடு கூடவே அசையும். அவருடைய பிரசங்கமாயிற்றே.

அவர் மனைவியின் பேச்சைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கெசியாவுக்கு அந்தக் குளிர்காலமே மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்தது. மருந்துக்கடை வைத்திருந்த மருத்துவர் ஒருவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, மாடிப்படி ஏறாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறு ஞாயிறு ஓட்லிங் எங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. சொந்தமாகப் பேசுகிற ஒரு போதகரைத் தேடி, சதுப்புநிலத்து ஊர்களுக்கு நடந்தே போக ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து எனக்கு அறிக்கை கொடுப்பார்.

"ஹெக்கிங்டன்?"

"சூடு. நம்பர் எண்பத்தாறு. ரெண்டாம் தாளை விட்டுட்டாரு, அதனால இஸ்ரவேல் ஜனங்க கடலைத் தாண்டாமலே அந்தக் கரைக்குப் போயிட்டாங்க."

"ரஸ்கிங்டன்?"

"அங்க ஒரு சின்னப் பையன் போதகர், உங்களை மாதிரி. பேசும்போது கை நடுங்குச்சு. ஆகா, சொந்தம்தான்னு நினைச்சேன். அப்புறம் ஜன்னலைப் பாத்தாரு." ஓட்லிங் மூன்று விரலை மடக்கிக் காட்டினார்.

மெத்தடிஸ்ட் கூடத்துக்கும் போனார். அங்கே பேசியவர் கசாப்புக் கடைக்காரர். தாள் இல்லை, அங்கி இல்லை, மேசையை உடைக்கிற மாதிரி அடித்துப் பேசினார். ஐந்து நிமிஷத்தில் ஓட்லிங்கின் உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. விசாரித்ததில், கசாப்புக்காரர் ஆட்டிறைச்சி கொண்டுபோய்க் கொடுக்கிற ஊரில் ஆலயத்து ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டு, மனதில் வைத்துக்கொண்டு வந்து, இளஞ்சூட்டைக் கொதியாக்கிப் பேசுவாராம்.

"நான் கொதிக்க வெச்சதை விட நல்லாத்தான் கொதிச்சுது" என்றார் ஓட்லிங், கொஞ்சம் வருத்தத்தோடு.

கடைசியில் குவேக்கர் சபையாரின் கூடத்துக்குப் போனார். அங்கே போதகர் கிடையாது. யாருக்காவது பேசத் தோன்றினால் எழுந்து பேசலாம். அன்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மணி நேரம் எல்லாரும் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கை குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

"முப்பத்தோரு வருஷத்துல முதல் தடவையா நான் எழுதாததைக் கேட்டேன், ஐயா" என்றார். "ஆனா அதை எப்படி ஒருத்தருக்குச் சாவுப் பிரசங்கமாச் சொல்றது?"

கெசியா பிப்ரவரியில் இறந்தார். வியாழக்கிழமை அடக்கம். எங்கள் வழக்கப்படி, இறந்தவரைப் பற்றிய பிரசங்கம் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. கல்லறையிலிருந்து திரும்பி வரும்போது ஓட்லிங் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரலில் மை இல்லை. அதை அப்போதுதான் கவனித்தேன்.

"நீங்கதான் எழுதணும், ஐயா."

"மிஸ்டர் ஓட்லிங், நான் இந்த ரெண்டு வருஷத்துல ஒரு வரி கூடச் சொந்தமா..."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன். உங்ககிட்ட இன்னும் எதுவும் செலவாகல."

வெள்ளியும் சனியும் என் அறையில் உட்கார்ந்து எழுதினேன். 'மனித வாழ்வு புல்லைப் போன்றது' என்று ஆரம்பித்தேன், நம்பர் பன்னிரண்டு. 'நம்மிடையே ஒரு விளக்கு அணைந்தது' என்று ஆரம்பித்தேன். நம்பர் நூற்று நாற்பது, அது பிரபுக்களுக்கானது. எனக்குப் பிடித்த கவிதைகளைப் புரட்டி, அதிலிருந்து ஒரு வரியை நைசாக உள்ளே வைக்கலாமா என்று பார்த்தேன். அந்த வரியையும் ஓட்லிங் என்னிடமிருந்து எப்போதோ கேட்டு எழுதி அனுப்பிவிட்டிருந்தார். சூடு, நம்பர் இருநூற்று மூன்று. வாயைத் திறந்தால் அவர், பேனாவை எடுத்தால் அவர். சனிக்கிழமை மதியம் அலுத்துப்போய், பிரசங்கம் என்பதையே விட்டுவிட்டு, அந்தச் சமையலறையில் நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினேன். ஒரு பக்கம்தான் வந்தது. அதைச் சுத்தமாக, ஒரு அடித்தல் இல்லாமல், படி எடுத்தேன். தடுமாறிவிடக் கூடாதே என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஏறினேன். மேலே மிஸஸ் டிப்பெட் சாய்ந்துகொண்டார். மூன்றாவது வரிசையில் ஓட்லிங், பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக.

நான் வாசித்தது ஏறக்குறைய இதுதான். நம் சகோதரி கெசியா வெங்காயம் நறுக்கும்போது அழமாட்டார், பிரசங்கத்தின் போது சிரிப்பார். பூனைக்கு அவர் எதிரி, எலிகளுக்கும் எதிரி, இரண்டையும் சண்டைக்கு விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார். ஒல்லியானவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். முப்பத்தோரு ஆண்டுகள் அந்த அடுப்பருகே நின்று, அந்த வீட்டில் பிறந்த சொற்களை எல்லாம் முதலில் கேட்டவர் அவர். இனி அந்த வீட்டில் உப்பு பத்துமா பத்தாதா என்று சொல்ல ஆளில்லை. ஆமென்.

நான்கு நிமிஷம். விவசாயிகள் தொப்பியைத் தேடக்கூட ஆரம்பிக்கவில்லை. நான் ஓட்லிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாரா, உண்மையிலேயே அசையவில்லையா என்று கண்ணாடி துடைத்தும் பார்த்தேன். தாடை தளர்வாகத்தான் இருந்தது. அடுத்து என்ன வரும் என்று தெரியாத ஒரு மனிதரின் முகம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் புருவம் சுருங்கியது.

பின்னறைக்கு வந்தார்.

"ஒரு சொல்லு தப்பு" என்றார்.

"எது?"

"பரவாயில்ல. நல்லா இருந்துச்சு. அந்தத் தாளை எனக்குக் குடுப்பீங்களா?"

கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சந்தையில் மிஸஸ் டிப்பெட் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். "நான் மேலேர்ந்து முழுசாப் பாத்தேன். ஒரு அடித்தல் இல்ல, ஒரு பொட்டு மை இல்ல. பளிச்சுன்னு இருந்துச்சு. சாவுக்குக்கூட சொந்தமா நாலு வரி எழுத உடம்பு வணங்கல, காசு குடுத்து வாங்கியிருக்கான் அந்தப் பையன். வெங்காயமாம், பூனையாம். லண்டன்ல யாரோ கிறுக்கன் எழுதினது."

இருபத்து மூன்று பேர் கையெழுத்திட்டு ரெக்டருக்குப் புகார் போனது: உதவிப் போதகர் கடையில் வாங்கிய பிரசங்கம் படிக்கிறார். ரெக்டர் வெந்நீர்த் தொட்டியிலிருந்தே பதில் எழுதினார், அப்படிப்பட்ட காரியத்தை என் சபையில் ஒருகாலும் பொறுக்க மாட்டேன் என்று. கோடைக்கு முன்னால் என்னை யார்க்ஷையர் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஓட்லிங் ரயிலடிக்கு வந்து ஒரு பழரொட்டி கொடுத்தார். அவரே சுட்டது. கல் மாதிரி இருந்தது. அடுத்த வருஷம் அவரும் இறந்துவிட்டதாக மருத்துவர் எழுதினார். பெட்டிஃபர் கம்பெனிக்குக் கடைசி வாரம் வரை தாள் அனுப்பிக்கொண்டிருந்தாராம்.

ஏழு வருஷம் கழித்து, உடம்பு தேற டெவன் கடற்கரைக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் புதியவனாக, ஆலயத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அன்று அங்கே ஒரு சாவுப் பிரசங்கம். இறந்தவர் ராணுவத் தளபதி ஒருவரின் தங்கை, கல்யாணமாகாதவர், வீட்டில் சமையலுக்கே மூன்று பேர் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். வயதான போதகர் பீடத்தில் ஏறி, தாளை மூக்கருகே கொண்டுபோய் வாசித்தார்: நம் சகோதரி வெங்காயம் நறுக்கும்போது அழமாட்டார், பிரசங்கத்தின் போது சிரிப்பார்.

முன் வரிசையில் தளபதி மீசையைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். பக்கத்திலிருந்த கிழவி, "நிஜம்தான், அப்படியேதான்" என்று மூக்கைச் சிந்தினாள். பூனை வந்தது, எலி வந்தது, ஒல்லியானவர்கள் மேல் கோபம் வந்தது. எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. கையுறையை வாயில் திணித்துக்கொண்டேன். அடுப்பருகே முப்பத்தோரு ஆண்டுகள் நிற்கும் இடம் வந்தபோது, கிட்டப்பார்வைக்கார அந்தப் போதகர் கண்ணில் பட்டதை எல்லாம் விடாமல் வாசித்தார். "சொற்களை எல்லாம் முதலில் கேட்டவர் சொன்னவர் அவர்."

ஆராதனை முடிந்ததும் பின்னறைக்குப் போய், அந்தத் தாளைக் காட்டும்படி கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். ஓட்லிங்கின் கையெழுத்து, பெட்டிஃபர் கம்பெனியின் முத்திரை, நம்பர் முந்நூற்றுப் பன்னிரண்டு, எந்தச் சூட்டிலும் சேராதது. மூலையில் மைப்பொட்டு இல்லை. தாள் முழுக்க ஒரே ஒரு அடித்தல். 'கேட்டவர்' என்று நான் எழுதியதன் மேல் மெல்லிசாக ஒரு கோடு, அதற்கு மேலே பொடி எழுத்தில் 'சொன்னவர்'. அடுப்பருகிலிருந்து கெசியா சொன்ன 'பத்தாது' உப்பைப் பற்றியதல்ல என்பதும், என் முதல் ஞாயிறு நான் வாசித்து அவர் பெஞ்சு குலுங்கச் சிரித்த 'மறந்துவிட்டார்' யாருடைய சொல் என்பதும், டெவனில் அந்தப் பின்னறையில்தான் எனக்குத் தெரிந்தன.